கண்ணீர் கரை சேர்ந்த துறை

உரோமை மாநகருக்குத் திருப்பயணம் செல்வோர் புனித இராயப்பரின் பேராலயத்தைக் காண்பர். நகர மதிலுக்கு வெளியே புனித சின்னப்பரின் கல்லறையில் முழந்தாளிடுவர். நிலத்தடிக் கல்லறைகளில் இறங்கி, மறைசாட்சிகளின் நினைவால் நெஞ்சம் நெகிழ்வர். ஆனால் உரோமையிலிருந்து அரைமணி நேர ரயில் பயணத்தில், திபேர் நதி கடலோடு கலந்த பழைய துறைமுகமான ஒஸ்தியாவை எட்டிப் பார்ப்பவர் சிலரே. அங்கே பேராலயமில்லை, பெருங்கூட்டமில்லை. இடிந்த சுவர்களும், குடை விரித்தாற்போல் நிற்கும் தேவதாரு மரங்களும், ஓர் ஏழைத்தாயின் சாவைப் பற்றிய நினைவுமே உண்டு.

யூபிலி ஆண்டாகிய 2025-இல், அக்டோபர் மாதத்தில், நாம் அங்குச் சென்றோம். உடன் வந்த திருப்பயணிகளுக்கு அன்று ஓய்வு நாள். அவர்கள் கடைவீதியை நாடினர். நாம் தனியே புறப்பட்டோம். நம்மை ஒஸ்தியாவுக்கு அனுப்பியது வரலாற்று ஆர்வமன்று. செபப்புத்தகத்தினுள் மடித்து வைத்திருந்த ஒரு பத்து ரூபாய் நோட்டே. அதன் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

பத்து ரூபாய் நோட்டு

நமது பங்கில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மூத்த மகன் தகப்பனோடு சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கேயோ வேலையில் இருக்கிறான் என்று கேள்வி. தகப்பன் இறந்தபோதும் வரவில்லை. அந்தத் தாய் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் புனித அந்தோனியார் நவநாள் முடிந்ததும் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்து, “சாமி, என் பையன் திரும்பி வந்திடுவானா?” என்று கேட்பார்.

தொடக்கத்தில் ஆறுதல் கூறினோம். பிறகு நமது மறுமொழி சுருங்கியது. ஒருநாள் திருவிழாக் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்த வேளையில் அவர் வந்து நின்றார். அதே கேள்வி. நமக்குச் சினம் மூண்டது. “எத்தனை தடவைதான் இதையே கேப்பீங்க அம்மா? போய் செபம் பண்ணுங்க, போங்க” என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் திண்ணைக்கு வரவில்லை. கோவிலில் மட்டும், வழக்கமான தூணோரத்தில், வழக்கம்போல் முழந்தாளிட்டிருந்தார். பலிபீடத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்தத் தூணைப் பார்க்க நமக்குக் கூச்சமாயிருந்தது.

உரோமைக்குப் புறப்படுவதற்கு முந்தைய மாலையில் அவர் மீண்டும் வந்தார். “சாமி, மகனுக்காக அழுத அம்மா ஒருத்தங்க கல்லறை அங்கே இருக்குன்னு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க. அங்கே ஒரு மெழுகுதிரி ஏத்துங்க” என்று சொல்லி, நான்காக மடித்த நோட்டைக் கையில் வைத்தார். அது உரோமையில் செல்லாது என்று சொல்ல வாயெடுத்தோம், வார்த்தை வரவில்லை.

நாம் பிரசங்கத்தில் சொன்னது புனித மோனிக்கா அம்மையாரைப் பற்றி. பிரசங்கம் செய்தவர் மறந்துவிட்டார், கேட்டவர் மறக்கவில்லை!

கடல் விலகிய துறைமுகம்

உரோமையில் பிரமிடு வடிவில் நிற்கும் ஒரு பழைய கல்லறைக்கு அருகே போர்த்தா சான் பாவ்லோ என்ற ரயில் நிலையம் உள்ளது. அங்கிருந்து கடற்கரைக்குச் செல்லும் வண்டியில் ஏறி, ‘பழைய ஒஸ்தியா’ என்ற நிறுத்தத்தில் இறங்கினோம். சாலையைக் கடக்கும் மேம்பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் ஒரு பண்டைய நகரம் முழுவதும் கண்முன் விரிகிறது. பெருங்கற்கள் பாவிய தெரு, இருமருங்கும் செங்கற் சுவர்கள், அடுக்குமாடி வீடுகளின் எச்சங்கள், தானியக் கிடங்குகள், குளிப்பு மண்டபங்கள், அரைவட்ட வடிவில் ஒரு நாடக அரங்கு எல்லாம் வெயிலில் மௌனமாய்க் கிடக்கின்றன.

துறைமுகம் என்கிறோமே, கடல் எங்கே என்று தேடினோம். கடல் இல்லை. நதி கொண்டுவந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து, கரை சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1557-இல் வந்த பெருவெள்ளத்தில் திபேர் நதியும் தன் பழைய வழியை விட்டு விலகிக்கொண்டது. கடலும் போய், நதியும் போய், துறை மட்டும் தனித்து நிற்கிறது.

நாடக அரங்கின் பின்புறம் ஒரு சதுக்கம் உண்டு. அதைச் சூழக் கப்பல் வணிகர்களின் அலுவலறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையின் முன்னும் கருப்பு வெள்ளைச் சிறுகற்களைப் பதித்துத் தத்தம் ஊரின் பெயரையும் கப்பலையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவற்றுள் கார்த்தேஜ் நகரத்துக் கப்பற்காரர்களின் பெயரும் உள்ளது. அதன்முன் சற்று நேரம் நின்றோம். கார்த்தேஜ்! மோனிக்கா அம்மையார் மகனால் ஏமாற்றப்பட்டு, கரையில் நின்று கதறியழுத ஊர் அதுவன்றோ!

தகாஸ்தே ஊர்த் தாய்

மோனிக்கா அம்மையார் கி.பி. 331 அல்லது 332-ஆம் ஆண்டளவில் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்குகிறது. அம்மையாரைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அவருடைய மகன் அகுஸ்தினார், தம் வாழ்வையே இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் வழியாகத்தான். அம்மகனார் தாயை மெழுகிப் பூசி எழுதவில்லை. சிறுமியாயிருந்தபோது பெற்றோருக்காகத் திராட்சை மது எடுக்கச் சென்றவர், சொட்டுச் சொட்டாய்ச் சுவைக்கத் தொடங்கிக் கோப்பை கோப்பையாய்க் குடிக்கும் பழக்கத்தில் விழுந்ததையும், வேலைக்காரச் சிறுமி ஒருத்தி குடிகாரி என்று ஏசியதும் வெட்கி அதை விட்டொழித்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். அம்மையாரின் பொறுமை பிறவியில் கிடைத்த சொத்தன்று. ஒவ்வொரு படியாக ஏறிச் சேர்த்த செல்வம்.

கணவர் பத்ரீசியுஸ் கிறிஸ்தவரல்லர், முன்கோபி, கற்புநெறியில் உறுதியற்றவர். சினம் தணியும் வரை காத்திருந்து, பின்பு அமைதியாகப் பேசுவதே அம்மையாரின் வழக்கம். மருமகளைத் தவறாக எண்ணிய மாமியாரும் அவருடைய பணிவால் மனம் மாறினார். வாழ்வின் இறுதிக் காலத்தில் பத்ரீசியுஸ் திருமுழுக்குப் பெற்றார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுவது நமது கடமை. பத்ரீசியுஸ் மனைவியை ஒருபோதும் அடித்ததில்லை என்று மகனாரே எழுதுகிறார். அடிக்கும் கணவனிடம் வாய்மூடி அடிபட்டுக் கிடப்பதற்கு மோனிக்கா அம்மையாரை முன்மாதிரியாகக் காட்டுவோர் அவரை அறியாதவர்கள். பொறுமை என்பது தீமைக்கு இணங்கிப் போவதன்று. தீமையின் நடுவிலும் நன்மையைக் கைவிடாதிருப்பதே பொறுமை.

ஓர் ஆயரின் சலிப்பு

அகுஸ்தினார் 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் பிறந்தார். கூர்மதி படைத்தவர். பதினேழு வயதில் படிப்பதற்காகக் கார்த்தேஜ் சென்றார். அங்கே ஒரு பெண்ணோடு திருமணமின்றி வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றார். பின்னர் ஒளிக்கும் இருளுக்கும் தனித்தனிக் கடவுளரைக் கற்பித்த மானிக்கேயக் கொள்கையில் சிக்கி ஒன்பது ஆண்டுகள் உழன்றார். வீடு திரும்பியபோது, அவரோடு ஒரே மேசையில் உண்ணவும் அன்னை மறுத்தார்.

அக்காலத்தில் அம்மையார் ஒரு கனவு கண்டார். ஒரு மரச்சட்டத்தின்மேல் தாம் அழுதுகொண்டு நிற்க, ஒளிமயமான இளைஞர் ஒருவர் வந்து, நீ நிற்கும் இடத்தில்தான் உன் மகனும் நிற்கிறான் பார் என்று காட்டினாராம். மகனும் அருகே நின்றாராம். அதைக் கேட்ட அகுஸ்தினார், நீங்களும் என் கொள்கைக்கு வருவீர்கள் என்பதே அதன் பொருள் என்று சாமர்த்தியமாய்ப் பேசினார். அன்னையோ சற்றும் தயங்காமல், அவன் இருக்கும் இடத்தில் நீ என்று எனக்குச் சொல்லப்படவில்லை. நீ இருக்கும் இடத்தில் அவன் என்றே சொல்லப்பட்டது என்று பதிலளித்தார். கனவைவிட அந்தப் பதிலே தம்மை அசைத்ததாக மகனார் எழுதுகிறார். கனவுக்குப் பின்னரும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் திரும்பவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அம்மையார் ஓர் ஆயரிடம் சென்று, மகனோடு வாதாடித் திருத்துமாறு வேண்டினார். அந்த ஆயர் சிறுவயதில் மானிக்கேயரிடமே வளர்ந்து, பின் தாமே தவற்றை உணர்ந்து வெளியேறியவர். உம் மகன் இப்போது எவர் சொல்லையும் கேட்கும் நிலையில் இல்லை, அவனை விட்டுவிடும், அவனுக்காக ஆண்டவரை மன்றாடும், படித்துப் படித்தே அவன் உண்மையைக் காண்பான் என்று அவர் அறிவுரை கூறினார். அம்மையாருக்கு அது போதவில்லை. மீண்டும் மீண்டும் கெஞ்சினார், கண்ணீர் வடித்தார். ஆயருக்குச் சலிப்பு மிகுந்துவிட்டது. போம் அம்மா என்றார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல்லை வானத்திலிருந்தே வந்த குரலாக அம்மையார் ஏற்றுக்கொண்டார்.

இடிந்த வீடொன்றின் வாசற்படியில் அமர்ந்து இதனை நினைத்துக் கொண்டிருந்த நமக்கு ஊசி தைத்தாற்போல் இருந்தது. நாமும் ஒரு தாயைப் போங்க என்று அனுப்பினோமே! அந்த ஆயரும் சலித்தார், நாமும் சலித்தோம். அவருடைய சலிப்பிலிருந்து ஒரு நம்பிக்கைச் சொல் பிறந்தது. நமது சலிப்பிலிருந்து என்ன பிறந்தது? செபம் செய்யச் சொன்னோம், உண்மைதான். ஆனால் செபத்தை நம்பிச் சொன்னோமா, அல்லது திண்ணையைக் காலி செய்வதற்காகச் சொன்னோமா? ஆண்டவர் சொன்ன உவமையில், விடாது வந்து முறையிட்ட கைம்பெண்ணின் தொல்லை தாங்காமல் நீதி வழங்கிய நடுவன் ஒருவன் வருகிறான். அவனாவது இறுதியில் செவிசாய்த்தான்.

மறுக்கப்பட்ட மன்றாட்டு

383-ஆம் ஆண்டு அகுஸ்தினார் உரோமைக்குச் செல்ல முடிவு செய்தார். அன்னை அவரைப் பற்றிக்கொண்டு, போகாதே, போவதானால் என்னையும் அழைத்துச் செல் என்றார். மகன் பொய் சொன்னார். நண்பர் ஒருவர் காற்றுக்காகக் காத்திருக்கிறார், அவரை வழியனுப்பவே செல்கிறேன் என்று கூறி, கடற்கரைக்கு அருகே புனித சிப்ரியானின் நினைவிடத்தில் அன்றிரவு தங்கும்படி அன்னையை இணங்கச் செய்தார். அன்னை இரவெல்லாம் கண்ணீரோடு செபித்துக் கொண்டிருக்க, மகன் மறைவாகக் கப்பலேறிவிட்டார். விடியற்காலையில் கரைக்கு வந்தவர் கண்டது வெறுங்கடலை.

அன்றிரவு அவர் கேட்ட வரம் என்ன? மகன் கடல் கடந்து போகக்கூடாது என்பதே. அதைத்தான் இறைவன் மறுத்தார். ஏன்? கார்த்தேஜிலிருந்து உரோமைக்கும், உரோமையிலிருந்து மிலானுக்கும் போனதால் அல்லவா அகுஸ்தினார் மிலான் ஆயர் புனித அம்புரோசியாரின் மறையுரையைக் கேட்டார்? அன்றிரவு கேட்டதைக் கொடாமல் விட்டது, அன்னை எந்நாளும் கேட்டு வந்ததைக் கொடுப்பதற்காகவே என்று பின்னாளில் மகனார் புரிந்துகொண்டார். அன்னையின் அன்பில் கலந்திருந்த தன்னலப் பற்றையும் அந்தப் பிரிவு புடமிட்டது என்று அவர் எழுதத் தயங்கவில்லை.

அன்பர்களே, நாமும் நம் பிள்ளைகளுக்காகச் செபிக்கும்போது, இன்ன வழியில், இன்ன நாளில் என்று இறைவனுக்கே பாதை வகுத்துக் கொடுக்கிறோம். பாதை மாறினால் செபம் வீணாயிற்று என்று சோர்கிறோம். கார்த்தேஜ் கரையில் அன்று காலை மோனிக்கா அம்மையாரைக் கண்ட எவரும் அவர் செபம் கேட்கப்படவில்லை என்றே சொல்லியிருப்பர். உண்மையில் அது கேட்கப்பட்டுக் கொண்டிருந்தது. கப்பல் கண்ணுக்கு மறைந்துவிட்டதேயன்றி, கடவுளின் கையைவிட்டு விலகவில்லை.

மிலான் நகரில்

அம்மையார் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. தாமும் கப்பலேறினார். நடுக்கடலில் புயலடித்தபோது, பயணிகளைத் தேற்ற வேண்டிய மாலுமிகளுக்கே அவர் தைரியம் சொன்னாராம். மிலானில் மகனைக் கண்டார். தாம் இப்போது மானிக்கேயரும் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர் என்றார் மகன். அன்னை துள்ளிக் குதிக்கவில்லை. நான் சாகுமுன் உன்னைக் கத்தோலிக்கனாகக் காண்பேன் என்று கிறிஸ்துவில் நம்புகிறேன் என்று அமைதியாகச் சொன்னார். கார்த்தேஜ் கரையில் கதறிய பெண் இவர்தாமா என்று நாம் வியக்கிறோம். செபம் மகனை மாற்றுவதற்கு முன் தாயை மாற்றியிருந்தது.

சொந்த ஊரின் வழக்கப்படி மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சை மதுவும் எடுத்துச் சென்றார். ஆயர் அதைத் தடை செய்திருக்கிறார் என்று வாயிற்காப்போன் தடுத்தான். இத்தனை காலமாய்ச் செய்துவந்த பக்திமுயற்சி ஆயிற்றே என்று அவர் வாதாடவில்லை. கூடையை விடுத்து, உள்ளத்தை எடுத்துச் செல்லக் கற்றுக்கொண்டார்.

அம்மையார் தவறாமலே நடந்தார் என்று சொல்வதற்கில்லை. மகனுக்கு நல்ல குடும்பத்தில் பெண் பார்த்தார். அதன் பொருட்டு, மகனோடு பல்லாண்டு வாழ்ந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். குழந்தை தகப்பனிடம் தங்கியது. தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்தது என்று அகுஸ்தினார் எழுதுகிறார். பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணின் கண்ணீரும் இறைவனுக்குத் தெரியும். அத்திருமணத்தைப் பற்றி இறைவனிடம் அடையாளம் கேட்டும் அம்மையாருக்கு மறுமொழி கிடைக்கவில்லை. திருமணமும் நடைபெறவில்லை. புனிதர்களின் திட்டங்களும் தவறுவதுண்டு. தவறியபின்னும் அவர்கள் முழந்தாளை எடுப்பதில்லை என்பதே அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு.

386-ஆம் ஆண்டு கோடையில் மிலான் வீட்டுத் தோட்டத்தில், எடுத்து வாசி என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்க, சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தை அகுஸ்தினார் திறந்து வாசித்தார், மனம் திரும்பினார். பின்னர் உள்ளே சென்று அன்னையிடம் அதைச் சொன்னார். 387-ஆம் ஆண்டு ஏப்ரலில், பாஸ்காத் திருவிழிப்பு இரவில், அம்புரோசியார் அவருக்கும் அவர் மகன் அதேயோதாத்துவுக்கும் திருமுழுக்கு அளித்தார். மகன் பதினேழு வயதில் கார்த்தேஜுக்குப் புறப்பட்டதிலிருந்து எண்ணினால், அன்னையின் கண்ணீர்க் கணக்கு ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகள்.

சன்னலோரத்தில்

அனைவரும் ஆப்பிரிக்கா திரும்பும் எண்ணத்தோடு ஒஸ்தியாவுக்கு வந்தனர். நீண்ட பயணக் களைப்புத் தீர, கப்பலேறுமுன் ஒரு வீட்டில் தங்கினர். அது எந்த வீடு என்று இன்று எவராலும் காட்ட இயலாது. ஆகவே நாம் நடந்த தெருவில், உள்முற்றமுள்ள ஒவ்வொரு வீட்டையும் அதுவாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சென்றோம்.

அவ்வீட்டில், தோட்டத்தை நோக்கிய சன்னலில் சாய்ந்தபடி, தாயும் மகனும் தனித்துப் பேசிக் கொண்டிருந்தனர். புனிதர்களின் நித்திய வாழ்வு எத்தகையது என்பதே பேச்சு. பூமியையும் வானத்தையும் கடந்து, தங்கள் உள்ளங்களையும் கடந்து, ஒரு நொடிப்பொழுது அந்த நித்தியத்தைத் தொட்டுத் திரும்பினர் என்று மகனார் எழுதுகிறார். ஒரு காலத்தில் ஒரே மேசையில் உண்ண இயலாத இருவர், இப்போது ஒரே சன்னலில் விண்ணகத்தைப் பார்த்தனர்! அப்போது அம்மையார், இவ்வுலகில் இனி எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. உன்னைக் கத்தோலிக்கனாகக் காணவே சிறிது காலம் வாழ விரும்பினேன். கேட்டதற்கு மேலாகவே ஆண்டவர் தந்துவிட்டார் என்னும் கருத்துப்படக் கூறினார்.

ஏறக்குறைய ஐந்து நாட்களில் காய்ச்சல் கண்டது. கணவரின் கல்லறைக்கு அருகே தமக்கென இடம் ஏற்பாடு செய்து, அதைப் பற்றியே கவலைப்பட்டு வந்தவர் அவர். மற்றொரு மகன் நவீஜியுஸ், சொந்த ஊரில் இறப்பதே நலம் என்று சொன்னபோது, அன்னை கண்ணாலேயே அவரைக் கண்டித்தார். இந்த உடலை எங்கேனும் அடக்கம் செய்யுங்கள், அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தருகே என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச் செல்ல அச்சமில்லையா என்று கேட்டவர்களுக்கு, கடவுளுக்கு எதுவும் தொலைவில்லை என்று பதிலளித்திருந்தார். காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் உயிர் துறந்தார். அவருக்கு அது 56-ஆம் வயது. மகனாருக்கு 33-ஆம் வயது நடந்து கொண்டிருந்தது.

மகனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கடல் கடந்து ஓடிவந்த தாய், இறுதியில் தம் கல்லறையைக்கூடத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நீண்டகாலச் செபம் அவருக்குத் தந்த பெரும்பேறு இதுவென்றே நாம் எண்ணுகிறோம். மகன் மனந்திரும்பியது கேட்ட வரம். இப்படி எல்லாவற்றையும் இறைவன் கையில் விட்டுவிடும் உள்ளம், கேளாமலே கிடைத்த வரம்.

சிறுவர் தோண்டிய குழி

இடிபாடுகளிலிருந்து வெளியே வந்து சிறிது நடந்தால், கோட்டையை அடுத்துள்ள சிற்றூரில் புனித அவுரேயா கோவில் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு இக்கோவிலையடுத்த முற்றத்தில் இரண்டு சிறுவர்கள் விளையாட்டுக்காகக் கம்பம் நடக் குழி தோண்டினர். மண்ணிலிருந்து எழுத்துகள் பொறித்த பளிங்குத் துண்டொன்று வந்தது. அது மோனிக்கா அம்மையாரின் கல்லறைக் கல்! அதிலிருந்த கவிதை பழைய ஏடுகளில் படியெடுக்கப்பட்டு அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது; கல் மட்டும் காணாமற்போயிருந்தது. இன்று அத்துண்டு அந்தக் கோவிலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. தேடியவர்களுக்குக் கிடைக்காதது, விளையாடிய பிள்ளைகள் கையில் கிடைத்தது.

அம்மையாரின் திருப்பண்டங்கள் 1430-ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் காலத்தில் ஒஸ்தியாவிலிருந்து உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. அகுஸ்தினார் ஹிப்போ நகர ஆயராய் இறந்தது 430-இல். சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து உலகம் அவர் அன்னையைத் தேடிச் சென்றது. இன்று அவை உரோமையில் நவோனா சதுக்கத்துக்கு அருகேயுள்ள புனித அகுஸ்தினார் ஆலயத்தில், தலைமைப் பீடத்தின் இடப்புறச் சிறுகோவிலில் உள்ளன.

மாலையில் அங்குச் சென்று சேர்ந்தோம். வாயிலருகே பேறுகாலத் தாய்மார் வேண்டிக்கொள்ளும் தேவமாதாவின் சிலை இருக்கிறது. அதைச் சுற்றிலும் பிறந்த குழந்தைகளுக்கான நன்றிக் காணிக்கைகள். ஆக, அந்த ஆலயத்தில் நுழையும்போது பிள்ளை வேண்டும் தாய்மார். உள்ளே சென்றால் பிள்ளைக்காக அழுத தாய். இடப்புறம் கரவாஜ்ஜோ என்ற ஓவியர் வரைந்த புகழ்பெற்ற படம் ஒன்று. அழுக்கேறிய வெறுங்கால்களோடு இரு ஏழைத் திருப்பயணிகள், வீட்டு வாசலில் நிற்கும் மாதாவின்முன் முழந்தாளிட்டிருக்கிறார்கள். மாதா, அவர்களைப் போகச் சொல்லவில்லை. சற்றே குனிந்து குழந்தையைக் காட்டுகிறாள். நமது பங்கு இல்லத்துத் திண்ணை நினைவுக்கு வந்தது.

உண்டியலில் நமது காசைப் போட்டு மெழுகுதிரி ஏற்றினோம். மோனிக்கா அம்மையாரின் சிறுகோவிலில் முழந்தாளிட்டு, செபப்புத்தகத்திலிருந்து அந்தப் பத்து ரூபாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டோம். முதலில் அந்த மகனுக்காகத்தான் செபிக்க எண்ணியிருந்தோம். ஆனால் வாயில் வந்தது வேறொரு செபம். ஆண்டவரே, சலித்துப்போன இந்தக் குருவை மன்னியும் என்றோம்.

திரும்பியபின்

ஊர் திரும்பிய அடுத்த செவ்வாயன்று நாமே அந்தத் தூணோரத்துக்குச் சென்று, அவரைத் திண்ணைக்கு அழைத்து வந்து, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னோம். மெழுகுதிரி ஏற்றியதைச் சொன்னோம். பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். “அது நீங்க கொடுத்தபடியே அம்மா முன்னால இருந்துட்டு வந்திருக்கு” என்றோம். அன்று கடிந்து பேசியதற்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் பதறிப்போய், “ஐயோ, என்ன சாமி இது! நீங்க போய் செபம் பண்ணுன்னீங்க. நான் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார்.

நம் சலிப்பிலிருந்தும் அவர் நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார், மோனிக்கா அம்மையார் அந்த ஆயரிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் போல!

அவருடைய மகன் இதை எழுதும் நாள் வரை திரும்பவில்லை. திரும்பிவிட்டான் என்று எழுதி முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் ஒஸ்தியாவுக்குச் சென்று வந்தவர் அவசரப்படலாகாது. கடல் விலகிப் போன துறையில், சிறுவர் தோண்டிய குழியிலிருந்து எழுந்து வந்த கல்லைக் கண்டவர் நாம்.

புனித மோனிக்காவின் திருநாள் முன்பு மே 4-ஆம் நாள் கொண்டாடப்பட்டது. 1969-இல் வழிபாட்டு நாட்காட்டி சீரமைக்கப்பட்டபோது, மகனாரின் திருநாளாகிய ஆகஸ்டு 28-க்கு முந்தைய நாளாக அது மாற்றப்பட்டது. முதல் நாள் தாய், மறுநாள் மகன். தாய்மார்களே, தந்தையர்களே, உங்கள் பிள்ளை இன்னும் தொலைவில் இருக்கலாம். உங்கள் திருநாள் இன்னும் வராதிருக்கலாம். தூணோரத்தை விட்டு எழுந்துவிடாதீர்கள். பங்குக் குருக்களாகிய நாங்களும் திண்ணையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்போம்.

இந்த வாரமும், செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்ததும், அவர் வருவார். நாம் காத்திருக்கிறோம்.